டவர் வாயை மூடிய காலை

பூவம் வந்ததும் பேருந்தின் டயர் வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு யாரும் பயப்படவில்லை. பின்னிருக்கையில் இருந்த ஐந்தாறு ஆண்கள், ஓட்டுநர் முழுதாக ஓரங்கட்டுவதற்கு முன்பே குதித்து இறங்கி, எதிர்ப்பக்கம் இருந்த மதுக்கடைக்கு நடந்தார்கள். தமிழ்நாடு முடிந்து காரைக்கால் தொடங்கும் இடம் பூவம். சரக்கு விலையும் அங்கேதான் இறங்குகிறது. நடத்துநர் படியில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"டயருக்குக்கூட தெரிஞ்சிருக்கு பாருங்க, எங்க வெடிக்கணும்னு! தரங்கம்பாடியில வெடிச்சிருந்தா ஒருத்தன் இறங்கியிருப்பானா? யோவ், பத்து நிமிஷம்தான்! விட்டுட்டுப் போயிடுவேன்!"

"டயர் மாட்டாம எப்படிய்யா போவே?" என்று சாலையின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

நானும் இறங்கினேன், டீ குடிக்க. எனக்கு எழுபத்தொரு வயது. பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். பூவம் என்ற பெயரைப் பல நூறு முறை தட்டச்சு செய்திருக்கிறேன். பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. செல்பேசி வலையமைப்புகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். எந்த ஊரில் எந்த டவர், அதற்கு எவ்வளவு சக்தி, எந்த அலைவரிசை என்பதையெல்லாம் பினாங்கில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து தீர்மானிப்போம். ஏழெட்டு நாடுகளுக்குச் செய்திருக்கிறேன். காரைக்காலும் அதில் அடக்கம். என் திரையில் பூவம் ஒரு மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளிக்குள் ஒரு டீக்கடை இருந்தது. டீக்கடையில் ஒரு பூனை, வாழைப்பழத் தார், சர்க்கரை தூக்கலான டீ. எங்கள் ஊரில் டீயைக் கைநீளத்துக்கு இழுத்து ஆற்றுவார்கள். இங்கே ஒரு முழத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் சிறுவனைப்போல மூன்று பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு முதியவர் போனில் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார். வைத்த பிறகு, என் பார்வையைக் கண்டு அவராகவே சொன்னார்: "பொண்ணு. பாரிஸ்ல இருக்கா."

"ஏதோ முக்கியமான விஷயம் போலிருக்கிறது" என்றேன்.

"சாப்பிட்டியா, மருந்து போட்டியான்னு கேக்குறா. பிரெஞ்சுல கேட்டா பெரிய விஷயமாட்டம் தெரியும்." அவர் டீயை உறிஞ்சினார். "பாரிஸ்ல இருந்து பேசினா பக்கத்துல இருக்காப்ல கேக்குது. கொட்டுச்சேரியில இருந்து என் சம்சாரம் பேசினா ஒண்ணும் கேக்கறதில்ல. அதுவும் ஒரு வசதிதான்னு வச்சுக்குங்க."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. கொட்டுச்சேரி டவருக்குத் திட்டம் போட்டவன் நான்.

*

வந்த காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் காரைக்காலிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் இர்ஃபான், அங்கே வலையமைப்பைப் பராமரிக்கும் பொறியாளர். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன்: "ஐயா, திருவேட்டக்குடி மீனவர் கூடத்தின் மேல் இருக்கும் சிறு பெட்டியைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அதனால் பயனில்லை என்கிறது அறிக்கை. பழைய கோப்பில் அதன் அமைப்புகளைப் பார்த்தேன். உங்கள் பெயர் இருக்கிறது. ஒரு எண் மட்டும் எனக்குப் புரியவில்லை. இன்னொன்று, அதே கோப்பில் நீங்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் இருக்கிறது. அந்தக் கடிதத்தால் இந்த ஊரில் ஒருவருக்கு வேலை போனது. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கடிதம் நினைவிலிருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் நடந்தது அது. திருவேட்டக்குடியில் வசந்தா என்ற பெண்ணுக்கு, நாள் இருக்கும்போதே ஒரு விடியற்காலை ஆறு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. நான்கு தெரு தள்ளி இருந்தவர் பிலோமினா. ஒரு தனியார் மருத்துவமனையின் நர்ஸ், கர்ப்பிணிகளை வீட்டில் வந்து பார்ப்பவர், வசந்தாவுக்கு நெருங்கிய தோழியும்கூட. வசந்தாவின் புருஷன் கடலுக்குள் இருந்தார். தனியாக இருந்த வசந்தா ஏழு முறை பிலோமினாவை அழைத்தார். ஏழு முறையும் "தொடர்புகொள்ள முடியவில்லை" என்றது போன். பிறகு எப்படியோ ஒரு ஆட்டோ கிடைத்து காரைக்கால் போய்ச் சேர்ந்தார். பெண் குழந்தை பிழைத்தது. ரத்தம் நிற்காததால் கர்ப்பப்பையை எடுக்கும்படி ஆயிற்று.

தன் போன் அடிக்கவே இல்லை, அணைத்தும் வைக்கவில்லை என்றார் பிலோமினா. மருத்துவமனை செல்பேசி நிறுவனத்தைக் கேட்டது. நிறுவனம் எங்களைக் கேட்டது. "குறிப்பிட்ட நாளில் அந்த இடத்தில் சேவைக் குறைபாடு எதுவுமில்லை" என்று நான் எழுதி அனுப்பினேன். அந்த ஒரு வரியோடு பிலோமினாவின் வேலை முடிந்தது.

பெட்டியைக் கழற்றிவிட்டால், அன்று நடந்தது என்ன என்று நிரூபிக்க எதுவும் மிஞ்சாது. கழற்ற வேண்டிய நாளை இர்ஃபான் இரண்டு முறை தள்ளிவைத்திருந்தார். அதற்கு மேல் அவரால் முடியாது.

*

இர்ஃபானுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மறுநாள் காலை விடுதிக்கு வந்து அவர் கேட்ட முதல் கேள்வி: "பசியாறிட்டீங்களா சார்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மலேசியாவில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்போம். தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். இங்கே காரைக்கால் முஸ்லிம் வீடுகளில் அது சாதாரணச் சொல்லாம். சொந்தக்காரரைப் பார்த்ததுபோல அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் வீட்டில் இறால் வாடா போட்டார்கள். அரிசி மாவு வட்டத்தின் நடுவில் முழு இறால் பதிந்திருக்கும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெங்காயத்தின் ஈரம். நான்கு தின்றேன். ஐந்தாவதை எடுக்கும்போது, "சார், டவர் மேல ஏறணும், ஞாபகம் இருக்குல்ல?" என்றார் இர்ஃபான். விளையாட்டுக்குத்தான் சொன்னார், ஆனால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அலுவலக ஜீப் பழுது. அதனால் அவருடைய மச்சான் மீன் ஏற்றும் குட்டி யானையில்தான் போனோம். அந்தச் சிறு லாரியின் பின்பக்கத்தில் ஐஸ் பெட்டிமேல் மடிக்கணினி, இரண்டு சோதனைப் போன்கள், நான். தலத்தெரு வழியாகக் கொட்டுச்சேரி. வழியெல்லாம் நெல் அறுத்த தாளில் உளுந்து முளைத்திருந்தது. சாலை ஓரத்தில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர், மீன் வண்டியில் மடிக்கணினியோடு போகும் கிழவனை வெகுநேரம் பார்த்தார். நான் கையசைத்தேன். அவர் அசைக்கவில்லை.

கொட்டுச்சேரி டவரைத் தூரத்தில் பார்த்ததும் வண்டியிலேயே எழுந்து நின்றுவிட்டேன். உயரம், ஆன்டெனாக்களின் கோணம், கடலைப் பார்க்கும் முகம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதுவரை எனக்கு மனப்பாடம். ஆனால் அதன் காலடியில் ஒரு குடும்பம் மாடு கட்டியிருக்கும் என்று தெரியாது. என் தொழிலில் பெருமைப்பட எவ்வளவோ இருந்தது. நான் வரைந்ததை இரும்பாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சரி சார், சொல்லுங்க" என்றார் இர்ஃபான். "ஏன் சைபர்?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கொட்டுச்சேரி டவர் பெரியது, சத்தம் அதிகம். திருவேட்டக்குடி கூடத்தின் மேலிருக்கும் பெட்டி சிறியது, மெல்லிய குரல். காரைக்கால் நகரத்தில் நிறுவனத்திடம் இரண்டு அலைவரிசைகள் இருந்தன. பெரியதற்கு ஒன்று, சிறியதற்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தேன், சண்டையில்லை. இந்தப் பக்கம் ஒன்றே ஒன்றுதான். பெரியதும் சிறியதும் அதே அலைவரிசையில் பேச வேண்டும். திருவிழா ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று காதோடு பேசுவது மாதிரி. அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கி, அவற்றில் சில துண்டுகளில் பெரிய டவர் வாயை மூடிக்கொள்ளும். அந்த இடைவெளியில் சிறிய பெட்டி தன் ஓரத்தில் இருக்கும் போன்களோடு பேசிவிடும். எத்தனை துண்டு மௌனம் என்பதைத் திட்டம் போடுகிறவன் எழுத வேண்டும்.

நான் சைபர் என்று எழுதியிருந்தேன்.

அதோடு இன்னொன்றும் செய்திருந்தேன். பெட்டிக்கு வேலை இருக்கிறது என்று அறிக்கையில் காட்டுவதற்காக, அதன் எல்லையை வலிந்து நீட்டியிருந்தேன். டவரின் சத்தம் பலமாக இருக்கும் தெருக்களில்கூட போன்கள் பெட்டியையே பிடித்துக்கொண்டு நிற்கும்படி செய்திருந்தேன். பிலோமினாவின் வீடு அந்த நீட்டிய ஓரத்தில் இருந்தது. போனில் சிக்னல் கோடு நான்கும் நிற்கும். அழைப்பு மட்டும் வராது.

"டவர் வாயை மூடினால் அதன் வேகம் குறையும்" என்றேன். "ஒப்பந்தத்தில் சொன்ன வேகத்தை மாலை நேரத்தில் காட்ட வேண்டியிருந்தது. வலையமைப்பு முழுவதும் அதிகமாகப் பேசுவது மாலை ஏழிலிருந்து ஒன்பது. அந்த நேரக் கணக்கைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நானும் அதை மட்டும் பார்த்தேன்."

இர்ஃபான் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வது. அவர் கோபப்படவில்லை, சிரித்துவிட்டார்.

"சார், ஏழு மணிக்கு திருவேட்டக்குடியில எவன் சார் முழிச்சிருப்பான்? ராத்திரி ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போறவன் ஏழு மணிக்குப் படுத்துடுவான். நீங்க ஊரே தூங்கறப்ப வந்து, இங்க சத்தமே இல்லைன்னு எழுதிட்டுப் போயிருக்கீங்க."

அன்று பிற்பகல் முழுவதும் இந்த வாக்கியம் என்னோடு குட்டி யானையில் வந்துகொண்டிருந்தது.

*

மூன்றாம் நாள் ஐந்தரை மணிக்குத் திருவேட்டக்குடி போய்ச் சேர்ந்தோம். கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. பிலோமினாவின் தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போது பின்சக்கரம் மணலில் இறங்கிக்கொண்டது. மச்சான் வேகம் கொடுக்கக் கொடுக்க இன்னும் புதைந்தது. வண்டி அவர் வாசலுக்கு நேராக நின்றுவிட்டது.

"எறங்காதீங்க சார்" என்றார் இர்ஃபான். "இதுதான் நமக்கு வேணும்ங்கற இடம். அல்லாவே பார்த்து நிறுத்திட்டான்."

முதலில் திரை பச்சையாக இருந்தது. பச்சை என்றால் பெட்டியின் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஐந்தே முக்காலுக்கு மெல்ல மஞ்சள் படர்ந்தது. கரையிலிருந்து இரைச்சல் வந்தது, படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு படகிலும் நான்கைந்து போன். கரையை நெருங்கியதும் எல்லாம் கொட்டுச்சேரி டவரைப் பிடிக்கின்றன, எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்கும் ஏலக்காரருக்கும் பேசுகிறார்கள். டவர் உச்சக் குரலில் கத்துகிறது. ஆறுக்குத் திரை முழுவதும் சிவப்பு.

வெட்கப்பட வேண்டிய நேரத்தில் பரவசப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முப்பது வருடம் எண்களாக எழுதிய ஒன்று, அலை வருவதுபோல ஏறி வருவதை, கண்ணெதிரே முதல் தடவையாகப் பார்த்தேன். "பாருங்கள், பாருங்கள்!" என்று கத்தியேவிட்டேன்.

கதவு திறந்தது. கையில் துடைப்பத்தோடு ஒரு அம்மாள். ஐம்பது வயதைக் கடந்தவர், கழுத்தில் சின்னச் சிலுவை.

"யாருங்க அது, காலங்காத்தால என் வாசல்ல மீன் வண்டியை நிறுத்தி கத்துறது?"

"நான்தான் பிலோ அக்கா, இர்ஃபான்."

"ஏன் தம்பி, மீன் யாவாரத்துல எறங்கிட்டியா? கவர்மென்டு மாப்பிள்ளைன்னு சொல்லிப் பொண்ணு கட்டின?"

"கவர்மென்டுன்னு நான் எப்ப சொன்னேன், எங்க மாமியாதான் அப்படிச் சொல்லிக்கிச்சு. அக்கா, உங்க போனை எடுத்துட்டு வாங்க. நான் கூப்பிடுறேன்."

அவர் போனோடு வந்தார். நான்கு கோடும் நின்றது. இர்ஃபான் வேறு நிறுவனத்து எண் ஒன்றிலிருந்து அழைத்தார். "நீங்கள் அழைக்கும் எண்ணைத் தற்போது தொடர்புகொள்ள முடியவில்லை" என்றது. பிலோமினாவின் கையிலிருந்த போன் சும்மா இருந்தது. இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை இர்ஃபான் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பெண்குரல் தெரு முழுவதும் கேட்டது.

பிலோமினா தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"இதைத்தான் நான் சொன்னேன்" என்றார். "டாக்டர்கிட்ட சொன்னேன். பங்குசாமிகிட்ட சொன்னேன். மாதா சத்தியமா சொன்னேன். சுவிட்ச் ஆஃப் அக்கான்னு பேர் வச்சாங்க. இப்பகூட கொட்டுச்சேரி மெடிக்கல்ல நிக்கிறப்ப, ஒருத்தன் மாத்திரை வாங்க வந்தா, சுவிட்ச் ஆஃப் அக்கா சுகமான்னு கேக்குறான்."

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். கால் மணலில் புதைந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று பினாங்கிலிருந்து மனத்துக்குள் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அதனால் நடந்ததைச் சொன்னேன்.

"அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். இந்தப் பெட்டிக்குத் திட்டம் போட்டதும் நான். கடிதம் கேட்டு வந்த அன்று, மாலைக் கணக்கைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு ஒரு சந்தேகத்தில் மணிவாரிக் கணக்கையும் திறந்தேன். காலை ஆறு மணிக்கு நெரிசல் ஏறியதைக் காட்டும் ஒரு மேடு தெரிந்தது. இது என்னவென்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் திட்டத்தில் கோளாறு என்று ஆகும், என் பெயர் அடிபடும். கோப்பை மூடிவிட்டு, குறைபாடு இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்."

இந்த மேட்டைப் பற்றி இர்ஃபானிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர் மடிக்கணினியிலிருந்து தலை தூக்கிப் பார்த்தார்.

"பாத்தீங்களா?" என்றார் பிலோமினா. "பாத்துட்டா எழுதுனீங்க?"

"ஆமாம்."

அவர் உள்ளே போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் டீயோடு வந்தார். இரண்டு டம்ளர். ஒன்றை இர்ஃபானிடம் கொடுத்தார், ஒன்றை மச்சானிடம். எனக்கு இல்லை. இர்ஃபான் தன் டம்ளரைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றார்.

"குடி தம்பி, ஆறுது."

"அம்மா, நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்" என்றேன். "நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மருத்துவமனைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

"குடுங்க. வேணாங்கல. அந்த டாக்டர் செத்து நாலு வருஷமாச்சு, மவன் இருக்கான், அவங்கிட்ட குடுங்க." அவர் துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்தார். "எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? எம் போன் அடிக்கலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாம ஒருத்தி இருக்கா. ஒம்பது வருஷமா என்னைய பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறா. அவ புள்ளைக்கு நாந்தான் பேரு தேர்ந்தெடுத்து வச்சிருந்தேன். வேற பேரு வச்சிட்டா. அவகிட்ட போயி சொல்லுங்க."

வண்டியை மணலிலிருந்து எடுக்க அந்தத் தெருப் பெண்கள் நான்கு பேர் வந்து தள்ளினார்கள். பிலோமினாவும் தள்ளினார்.

*

நான்காம் நாளை இர்ஃபான் போனிலேயே கழித்தார். அமைப்பை மாற்ற மேலிடத்து அனுமதி வேண்டும். நான் விடுதியில் உட்கார்ந்து அளவுகளைத் தொகுத்து, ஒரு பக்கத்தில், யாருக்கும் புரியும்படி எழுதிக் கொடுத்தேன். நொத்தேர் அலுவலகம் போய் என் வாக்குமூலத்தைப் பதிவுசெய்தேன். உண்மையில் இப்போது அவர் வெறும் நோட்டரி வழக்கறிஞர்தான், ஊர்க்காரர்கள் விடாமல் நொத்தேர் என்கிறார்கள். மத்தியானம் பரோட்டா. எங்கள் ரொட்டி சானாயின் அண்ணன், கொஞ்சம் முரடன். மாலையில் அனுமதி வந்தது: மூன்று காலைகளுக்கு மட்டும், பரிசோதனையாக, ஆறு மணிக்குத் தொடங்கும். நாற்பது துண்டுக்குப் பத்துத் துண்டு மௌனம்.

"பத்து கேட்டா பத்தும் குடுத்துட்டாங்க சார்" என்றார் இர்ஃபான். "எட்டு குடுப்பாங்கன்னுதான் பத்து கேட்டேன்."

இருப்புக் கொள்ளாமல் அரசலாற்றுப் பாலம்வரை நடந்துவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் ஐந்தே முக்காலுக்கு மீனவர் கூடத்தில் இருந்தோம். தலைக்கு மேலே கூரை விளிம்பில் என் பெட்டி, சோற்றுப்பானை அளவு, காக்கை எச்சத்தோடு. மச்சானின் வண்டி, சோதனைப் போன் ஒன்றோடு, பிலோமினாவின் தெருவில் நின்றது. அதன் அளவுகள் எங்கள் திரையில் வந்தன. ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக மணலில் ஏறின. ஏலம் தொடங்கியது. மத்தி, கெழுத்தி, நண்டு. திரை மஞ்சளாகி, சிவப்பானது. ஆறு மணி ஆயிற்று. சிவப்பு. ஆறு ஐந்து. சிவப்பு. நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றேன். நொத்தேரிடம் எழுதிக் கொடுத்த காரணமே தவறோ? பெட்டியே செத்துப்போயிருக்கிறதோ?

இர்ஃபான் கட்டுப்பாட்டு அறையைப் பிடித்தார். "அண்ணே, ஆறாயிடுச்சு... என்னாது, டீ குடிக்கப் போயிட்டாரா? யாரு கையில இருக்கு பட்டன்?... அண்ணே, உங்க காலுல விழுறேன், நீங்களே அமுத்துங்க."

ஆறு ஒன்பதுக்கு, சிவப்பின் நடுவில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வேலிபோல வரிசையாக. டவர் கத்தியது, நிறுத்தியது, கத்தியது, நிறுத்தியது. நிறுத்திய இடமெல்லாம் பச்சை. இர்ஃபான் என்னைக் கட்டிப்பிடித்தார். படகிலிருந்து இறங்கிய ஒரு இளந்தாரி, "என்னாப்பா, இன்னிக்கு நெட்டு கொஞ்சம் மெதுவா இருக்கு?" என்று தன் போனைத் தட்டிக்கொண்டே போனான். அந்த விலையைத்தான் ஒன்பது வருடத்துக்கு முன் நான் கொடுக்க மறுத்தேன். அவ்வளவுதான் விலை.

வசந்தாவை இர்ஃபான் காட்டினார். ஏல வளையத்தின் ஓரத்தில், அன்னக்கூடையில் மத்தியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"வசந்தாம்மா, இவரு மலேசியாவுலேர்ந்து வந்திருக்காரு. உங்ககிட்ட பேசணுமாம்."

"மலேசியாவுலேர்ந்தா? அங்க மத்தி இல்லியா?" என்றார். பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

நான் சொன்னேன். பிலோமினாவிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக. மணிவாரிக் கணக்கின் மேட்டையும் விடாமல். சொல்லச் சொல்ல அவர் கை கூடையில் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்துச் சிரிப்பும் நின்றது.

"ஏழு தடவ அடிச்சேன்" என்றார்.

"ஆமாம்."

"அடிச்சு முடிச்சுட்டு, அவ எடுக்கலயேன்னு அவளை ஏசிக்கிட்டே ஆட்டோவுல போனேன். வலியில அவளைத்தான் ஏசினேன். வேற யாரையும் ஏசல."

அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்தார். பெயர்ப் பட்டியலைத் தேடவில்லை. பத்து எண்களையும் விரலால் நேராகத் தட்டினார். அவர் கட்டைவிரலில் மீன் செதில் ஒட்டியிருந்தது. போனைக் காதில் வைக்காமல் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

மணி அடித்தது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இரண்டாம் மணியில் எடுத்துவிட்டார்கள்.

"யாருங்க?" பிலோமினாவின் குரல்.

வசந்தா போனை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"கடக்கரை சத்தம் கேக்குது. யாரு பேசுறது?"

"நாந்தான்." பிறகு, அவசரமாக: "மத்தி வந்திருக்கு. வேணுமா?"

அந்தப் பக்கம் ஓசையில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறுபடவில்லை. பச்சை வேலி அப்படியே நின்றது.

"பொடியா, பெருசா?" என்றார் பிலோமினா.

"பெருசுதான்."

"எடுத்து வையி. வர்றேன்."

வசந்தா போனை இடுப்பில் செருகினார். நல்ல மீனாகப் பார்த்துப் பார்த்து ஒரு பையில் போடத் தொடங்கினார். அவர் முகம் தெரியவில்லை. நான் நகரலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன். பையைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க பேரு என்ன சொன்னீங்க?"

"நாதன்."

"முழுப் பேரைச் சொல்லுங்க. ஒம்பது வருஷமா தப்பான ஆள ஏசியிருக்கேன். இனிமேட்டாவது சரியா ஏசணும்ல?"

சொன்னேன். ஏலக்காரரின் குரலில் அவருக்குக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இன்னொரு முறை, அந்தக் கரை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி, அப்பா பெயரையும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன்: வேலாயுதம் மகன் சண்முகநாதன்.